ரிட்டையர்மெண்டுக்கு ஐந்து வருஷம் இருக்கும்போதே: மும்பையில் வேலை பார்க்கும் தமிழர்களுக்கு

ஐம்பத்தைந்தை நெருங்கியவர்களில், ஃபாஸ்ட் லோக்கலில் கம்பியைப் பிடித்து நின்றபடி “இன்னும் எத்தனை வருஷம்” என்று கணக்குப் போடாதவர் குறைவு. அந்தக் கணக்கில் பெரும்பாலும் விட்டுப்போவது ஒன்று உண்டு. ஓய்வு சம்பந்தப்பட்ட பல காரியங்கள் சம்பளம் வந்துகொண்டிருக்கும்போதுதான் சுலபமாக நடக்கும். எச்ஆர் உங்கள் மெயிலுக்கு மறுநாளே பதில் போடுவதும், பேங்க் கூப்பிட்டு கிரெடிட் கார்டு கொடுப்பதும், கம்பெனி இன்ஷூரன்ஸில் கேள்வி கேட்காமல் ஆஸ்பத்திரி பில் கட்டுவதும் நீங்கள் ரோலில் இருக்கும்வரைதான். ரிட்டையர் ஆன பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைப்பவை எல்லாம் அப்போது இரண்டு மடங்கு அலைச்சலாகத் திரும்பி வரும்.

தனியார் கம்பெனி வேலை, 60 வயதில் ஓய்வு, இப்போது 54 அல்லது 55, கையில் பிஎஃப், செம்பூர், முலுண்ட், டோம்பிவிலி, நெரூல் என்று எங்கேயோ ஒரு ஃபிளாட். இப்படிப்பட்டவரை மனதில் வைத்து எழுதியது இது. மத்திய அரசு, ரயில்வே, துறைமுகம் என்றால் பென்ஷன் விதிகள் வேறு, மற்றவை பொருந்தும்.

முதல் வேலை: உங்கள் பெயர்

மும்பையில் இருக்கும் தமிழருக்கு பிஎஃப் க்ளெய்ம் திரும்பி வருவதற்கு முக்கியமான காரணம் இனிஷியல்தான். உதாரணமாக, பெயர் வெங்கடேசன், அப்பா பெயர் சுப்பிரமணியன். பள்ளிச் சான்றிதழில் எஸ். வெங்கடேசன். பான் கார்டில் இனிஷியலை விரிக்கச் சொல்லி, வெங்கடேசன் சுப்பிரமணியன். முதல் கம்பெனியில் படிவம் நிரப்பிய கிளார்க் ‘சர்நேம்’ கட்டம் காலியாக இருக்கக்கூடாது என்று வேறொரு வரிசையில் சுப்பிரமணியன் வெங்கடேசன் என்று போட்டிருப்பார். ஆதாரில் வெறும் வெங்கடேசன். நான்கும் ஒரே ஆள் என்று உங்களுக்குத் தெரியும், கம்ப்யூட்டருக்குத் தெரியாது.

இதைச் சரிசெய்ய ஒரு வரிசை இருக்கிறது. இனிஷியல் இல்லாமல் முழுதாக விரித்த பெயர் ஒன்றை முடிவு செய்யுங்கள். பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அதையே வைத்துக்கொள்வது நல்லது. முதலில் ஆதார், அடுத்து பான், பிறகு பேங்க் கணக்கு, கடைசியில் யுஏஎன் (கம்பெனி மாறினாலும் மாறாத உங்கள் பிஎஃப் எண்). ஆதாரைத் தொடாமல் யுஏஎன்னை மட்டும் திருத்தப் போனால் திரும்பவும் முதலிலிருந்து வர வேண்டியிருக்கும்.

2017 அக்டோபர் 1-க்குப் பிறகு ஆதாரோடு கிடைத்த யுஏஎன் என்றால் பெயர், பிறந்த தேதி போன்ற திருத்தங்களில் பெரும்பாலானவற்றை நீங்களே ஆன்லைனில் செய்துகொள்ளலாம். அதற்கு முந்தைய யுஏஎன் என்றால் கம்பெனியின் ஒப்புதல் வேண்டும். ஐம்பதைத் தாண்டியவர்கள் அநேகமாக இந்த இரண்டாவது வகை. கம்பெனியில் இருக்கும்போது எச்ஆர் டெஸ்க்குக்கு நடந்து போய் முடிக்கிற விஷயம் இது. வெளியே வந்த பிறகு, அதற்குள் கம்பெனியும் கைமாறியிருந்தால், பாந்த்ரா கிழக்கிலோ தாணேயிலோ வாஷியிலோ உள்ள பிஎஃப் ஆபீஸுக்கு அலைய வேண்டியதுதான். பிஎஃப் அமைப்பு மாதாமாதம் 27-ஆம் தேதி மாவட்டம்தோறும் ‘நிதி ஆப்கே நிகட்’ என்ற குறைதீர் முகாம் நடத்துகிறது; சிக்கல் முற்றியிருந்தால் ஒரு நாள் லீவு போட்டு அங்கே போகலாம்.

மனைவி பெயரையும் இதே கையோடு பாருங்கள். நாமினேஷனில் ஒரு மாதிரி, அவர் ஆதாரில் இன்னொரு மாதிரி இருந்தால் அந்தச் சிக்கலை அவிழ்க்கும்போது நீங்கள் இருக்க மாட்டீர்கள். பிஎஃப் இ-நாமினேஷன் தனி, கிராஜுவிட்டி (பணிக்கொடை) நாமினேஷன் தனி. ஒன்றைக் கொடுத்தால் மற்றொன்று தானாகப் பதிவாகாது.

பிஎஃப் பாஸ்புக்கை வரிவரியாக

பழைய கம்பெனிப் பணத்தை இப்போதைய கணக்குக்கு மாற்றிவிட்டதாக நினைத்துக்கொண்டிருப்பவர்கள் பாஸ்புக்கைத் திறந்து மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும். ஒன்று, ஒவ்வொரு பழைய கம்பெனிக்கும் வேலை விட்ட தேதி பதிவாகியிருக்கிறதா. இரண்டு, ஒரு கம்பெனியை விட்ட தேதியும் அடுத்ததில் சேர்ந்த தேதியும் ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருக்கிறதா. நோட்டீஸ் பீரியடைச் சம்பளத்தில் கழித்தவர்களுக்கு இது நடக்கும், க்ளெய்மில் கேள்வி வரலாம். மூன்று, பணத்தோடு பென்ஷன் சர்வீஸும் மாறியிருக்கிறதா. பெரிய கம்பெனிகள் சில தங்கள் சொந்த டிரஸ்டில் பிஎஃப் வைத்திருக்கும். அங்கிருந்து வந்தவர்களுக்கு ‘அனெக்ஷர் கே’ என்ற தாள் வந்து சேர்ந்தால்தான் அந்த வருஷங்கள் இபிஎஸ் (பிஎஃப்போடு சேர்ந்த பென்ஷன் திட்டம்) கணக்கில் ஏறும்.

அந்த வருஷங்கள் ஏன் முக்கியம்? இபிஎஸ் பென்ஷனுக்குக் குறைந்தது 10 வருஷ சர்வீஸ் வேண்டும். கணக்கு இது: பென்ஷன் சம்பளம் × சர்வீஸ் வருஷம் ÷ 70. பென்ஷன் சம்பளத்துக்கு வரம்பு மாதம் 15,000 ரூபாய். 35 வருஷம் முழுக்க அந்த வரம்பில் போட்டாலும் மாதம் 7,500 தான். 2014 செப்டம்பருக்கு முந்தைய சர்வீஸுக்குப் பழைய 6,500 ரூபாய் வரம்பு என்பதால் நிஜத்தில் வருவது இன்னும் குறைவு. சம்பளம் ஒன்றரை லட்சம் வாங்குபவருக்கும் இதே கதைதான். ஆகவே இபிஎஸ்ஸை மின்சார பில்லுக்கும் சொசைட்டி மெயின்டனன்ஸுக்கும் ஆகிற காசு என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இபிஎஸ் உறுப்பினர் நிலை 58 வயதோடு முடிகிறது, நீங்கள் 60 வரை வேலை பார்த்தாலும். அதன் பிறகு கம்பெனி கட்டும் பங்கு முழுவதும் பிஎஃப்புக்குப் போக வேண்டும். பேரோல் மென்பொருளில் பிறந்த தேதி தப்பாக இருந்தால் 58-க்குப் பிறகும் கம்பெனிப் பங்கில் மாதம் 1,250 ரூபாய் பென்ஷன் பத்தியிலேயே ஏறிக்கொண்டிருக்கும். பின்னால் அதைப் பிரித்தெடுப்பது தலைவலி. 58 முடிந்த மறுமாத பாஸ்புக்கைக் கட்டாயம் பாருங்கள். பென்ஷனை 58-இல் வாங்காமல் 60 வரை தள்ளிப்போட்டால் வருஷத்துக்கு 4 சதவீதம் கூடும். 50-க்கு மேல் 58-க்கு முன்பே வாங்கினால் வருஷத்துக்கு 4 சதவீதம் குறையும்.

எவ்வளவு வேண்டும்

இதற்கு ஆன்லைன் கால்குலேட்டரைவிட பன்னிரண்டு மாத பேங்க் ஸ்டேட்மெண்ட் மேல். மாதச் செலவை மூன்றாகப் பிரியுங்கள். நின்றுபோகும் செலவு: ரயில் சீசன், ஆபீஸ் உடை, கேன்டீன், பிஎஃப் பிடித்தம். அப்படியே தொடரும் செலவு: மளிகை, மெயின்டனன்ஸ், பால், பேப்பர். கூடும் செலவு: மருந்து, பகலில் ஓடும் ஃபேனும் ஏசியும், ஊர்ப் பயணம், இன்ஷூரன்ஸ் பிரீமியம். வருஷத்துக்கு ஒருமுறை வருகிற சொத்து வரி, கார் இன்ஷூரன்ஸ், கல்யாண மொய் எல்லாவற்றையும் பன்னிரண்டால் வகுத்துச் சேருங்கள். மொய்யை விடாதீர்கள், உறவில் கல்யாணங்கள் வரிசைகட்டும் வயது இது.

தொடரும், கூடும் செலவு இன்றைக்கு மாதம் 60,000 என்று வந்தால், விலைவாசி வருஷத்துக்கு 6 சதவீதம் ஏறுகிறது என்று கொண்டால் ஏழு வருஷம் கழித்து அது ஏறக்குறைய 90,000. வருஷத்துக்கு 10.8 லட்சம். இதில் இபிஎஸ், வாடகை போன்ற நிச்சய வருமானத்தைக் கழித்து, மிச்சத்தை எத்தனை மடங்கு சேர்க்க வேண்டும் என்று பாருங்கள். பணம் விலைவாசி அளவுக்கே வளர்ந்தால் 30 வருஷத்துக்கு 30 மடங்கு வேண்டும். விலைவாசியைவிட 2 சதவீதம் கூடுதலாக வளர்ந்தால் 23 மடங்கு போதும். முழுக்க எஃப்டி என்பவர் முதல் கணக்கையும், ஒரு பங்கை மியூச்சுவல் ஃபண்டில் வைப்பவர் இரண்டாவதையும் எடுத்துக்கொள்ளலாம்.

தொகை மலைக்க வைக்கிறதா? கடைசி ஐந்து வருஷத்தில் கைவசம் இருப்பவை: வீட்டுக் கடனை 58-க்குள் முடிப்பது, அந்த ஈஎம்ஐ தொகையை அப்படியே விபிஎஃப்புக்கு (நீங்களாக விரும்பிக் கூடுதலாகப் போடும் பிஎஃப்) திருப்புவது. உங்கள் பங்காக பிஎஃப்பில் வருஷத்துக்கு 2.5 லட்சத்துக்கு மேல் போட்டால் அதிகப்படிக்குக் கிடைக்கும் வட்டிக்கு வரி உண்டு. பிபிஎஃப் 15 வருஷம் முடிந்திருந்தால் மூடிவிடாதீர்கள்; ஐந்தைந்து வருஷமாக நீட்டிக்கலாம். பணம் தொடர்ந்து போட விரும்பினால் முதிர்ந்த ஒரு வருஷத்துக்குள் நீட்டிப்புப் படிவம் கொடுக்க வேண்டும். அதைத் தவறவிட்டால் இருக்கிற பணத்துக்கு வட்டி வரும், புதிதாகப் போட முடியாது.

பையனின் மேல்படிப்புக்கு பிஎஃப்பில் கை வைப்பதற்கு முன் கல்விக் கடனைப் பாருங்கள். படிப்புக்குக் கடன் கிடைக்கும், ரிட்டையர்மெண்டுக்கு யாரும் கடன் தர மாட்டார்கள்.

மெடிக்ளெய்ம்: 57-க்குள்

கம்பெனி குரூப் பாலிசி கடைசி வேலைநாளோடு போய்விடும். அதில் உங்கள் அப்பா அம்மாவும் இருந்தால் அவர்களுடையதும். சொந்தப் பாலிசி எடுக்கும்போது ஏற்கெனவே உள்ள சர்க்கரை, பிபி போன்றவற்றுக்குக் காத்திருப்புக் காலம் இருக்கும். இன்ஷூரன்ஸ் துறையை ஒழுங்குபடுத்தும் ஐஆர்டிஏஐ 2024-இல் வைத்த உச்சவரம்பு 36 மாதம். 57-இல் வாங்கினால், அந்த மூன்று வருஷமும் குரூப் பாலிசியின் நிழலிலேயே கழிந்துவிடும். 60-இல் வாங்கினால் 63 வரை அந்த நோய்களுக்குக் கைக்காசு. பிரீமியத்தை மிச்சம்பிடித்ததாக நினைத்து இந்த மூன்று வருஷத்தைக் கோட்டைவிடுபவர்கள் நிறைய.

ப்ரொப்போசல் படிவத்தில் எதையும் மறைக்க வேண்டாம். “பிபி மாத்திரையெல்லாம் எழுதாதீங்க சார், பாலிசி நின்னுடும்” என்று சொல்கிற ஏஜெண்ட் க்ளெய்ம் நாளில் ஃபோனை எடுக்க மாட்டார். தொடர்ந்து 60 மாதம் பிரீமியம் கட்டிய பிறகு, மோசடி என்று நிரூபித்தால் தவிர, மறைத்தாய் என்று சொல்லிக் கம்பெனி க்ளெய்மைத் தள்ள முடியாது. ஆனால் அதற்கு முன் ஐந்து வருஷம் ஓட வேண்டுமே.

அறை வாடகை வரம்பு இல்லாத பாலிசியாகப் பாருங்கள். 5 லட்ச ரூபாய் பாலிசியில் நாள் வாடகை 1 சதவீதம் என்று இருந்தால் 5,000 ரூபாய் அறைதான் அனுமதி. நீங்கள் 8,000 ரூபாய் அறையில் படுத்தால் வெட்டு அறை வாடகையோடு நிற்காது. டாக்டர் ஃபீஸ், ஆபரேஷன் தியேட்டர், நர்சிங் எல்லாம் 8-க்கு 5 என்ற விகிதத்தில் குறையும். அவை மட்டும் 2 லட்சம் என்றால் கிடைப்பது 1,25,000. மீதி 75,000 உங்கள் பையிலிருந்து. மருந்து, இம்ப்ளாண்ட், பரிசோதனைகளுக்கு இந்த வெட்டு கிடையாது.

ஊருக்குப் போய்க் குடியேறும் எண்ணம் இருந்தால் இன்னொன்று. சில பாலிசிகளில் ஊர் வாரியாகப் பிரீமியம் மாறும். சின்ன ஊர் முகவரியில் குறைந்த பிரீமியத்தில் எடுத்துவிட்டு, மகள் வீட்டுக்கு மும்பை வந்தபோது இங்கே ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் பில்லில் ஒரு பகுதியை நீங்கள் கட்ட வேண்டிவரும். பாலிசி தாளில் ‘ஜோன்’ (ஊர்ப் பிரிவு), ‘கோ-பே’ (பில்லில் உங்கள் பங்கு) என்ற இரண்டு சொற்களைத் தேடிப் படியுங்கள்.

வீட்டில் 70 தாண்டியவர்கள் இருந்தால், வருமானம் எவ்வளவு என்றாலும் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரை காப்பு உண்டு. 2024 அக்டோபரில் தொடங்கியது. ஆதார் வைத்துப் பதிவு செய்யலாம். திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரிகளில் மட்டுமே செல்லும் என்பதால் வீட்டுக்குப் பக்கத்தில் எது சேர்ந்திருக்கிறது என்று முன்பே பார்த்து வையுங்கள்.

ஃபிளாட்டும் ஊரும்

மும்பை வீட்டைப் பொறுத்தவரை மூன்று வழி: இருப்பது, வாடகைக்கு விட்டுவிட்டு ஊருக்குப் போவது, விற்பது. மூன்றில் எது என்றாலும் சொசைட்டி தந்த ஷேர் சர்டிஃபிகேட்டில் யார் பெயர் இருக்கிறது, சொசைட்டியில் நாமினேஷன் கொடுத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். நாமினி என்பவர் வாங்கி வைத்துக்கொள்பவர், சொந்தக்காரர் ஆகிவிட மாட்டார்; வீடு யாருக்கு என்பதை உயிலில்தான் எழுத வேண்டும். உயிலுக்கு ஸ்டாம்ப் பேப்பர் தேவையில்லை, வெள்ளைத் தாள் போதும். இரண்டு சாட்சிகள் வேண்டும். உயிலில் பங்கு பெறுபவரைச் சாட்சியாகப் போடாதீர்கள். நிறைவேற்றுபவராக உங்களைவிட வயதில் சின்னவரைப் போடுங்கள்.

செம்பூர், காட்கோபர், முலுண்ட் பக்கம் பழைய கட்டடம் என்றால் ரீடெவலப்மெண்ட் பேச்சு ஓடிக்கொண்டிருக்கும். புது வீடு கிடைக்கும் என்ற மகிழ்ச்சியில் இரண்டு விஷயம் மறந்துபோகும். கட்டி முடியும்வரை வாடகை வீட்டில் இருக்க வேண்டும், அது சொன்ன தேதியைத் தாண்டலாம். முடிந்த பிறகு லிஃப்ட், போடியம், கிளப்ஹவுஸ் என்று மெயின்டனன்ஸ் பல மடங்காகும், அதுவும் உங்கள் சம்பளம் நின்ற பிறகு. ஒப்பந்தம் போடுமுன் மெயின்டனன்ஸைச் சமாளிக்க டெவலப்பர் தரும் கார்பஸ் தொகை எவ்வளவு, வாடகைக்கு பேங்க் கியாரண்டி உண்டா என்று ஜெனரல் பாடியில் கேளுங்கள். கேட்கக் கூச்சப்பட வேண்டியதில்லை. கூட்டத்தில் பாதிப் பேருக்கு இதே கேள்விதான் மனதில் இருக்கும்.

வாடகைக்கு விடுவதென்றால் லீவ் அண்ட் லைசன்ஸ் (வாடகை) ஒப்பந்தத்தை மகாராஷ்டிராவில் பதிவு செய்தே ஆக வேண்டும். பொறுப்பு வீட்டுக்காரருடையது. வீட்டுக்காரர் குடியிருக்காததற்காக சொசைட்டி வசூலிக்கும் நான்-ஆக்குபன்சி சார்ஜ் சர்வீஸ் சார்ஜில் 10 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. இஷ்டத்துக்குப் போட்டிருந்தால் 2001-இல் வந்த மாநில அரசு உத்தரவைச் சுட்டிக்காட்டி எழுதிக் கொடுங்கள். 1.5 கோடி வீட்டுக்கு மாத வாடகை 40,000 என்றால் வருஷத்துக்கு 3.2 சதவீதம்தான். வாடகையை நம்பி இரண்டாவது ஃபிளாட் வாங்குவது இந்த வயதில் நல்ல யோசனை என்று சொல்ல மாட்டோம்.

ஊருக்குப் போவதா என்பதை வேலையில் இருக்கும்போதே சோதித்துப் பாருங்கள். சேர்த்து வைத்த லீவில் மூன்று வாரம். பொங்கலுக்கோ கோயில் கொடைக்கோ போகக்கூடாது, அப்போது ஊரே அழகாக இருக்கும். மே மாதத்திலோ மழை பிடித்த நவம்பரிலோ போங்கள். தம்பி வீட்டில் தங்காமல் வாடகைக்கு ஓர் இடம் பிடித்துத் தங்குங்கள். விருந்தாளிக்குத் தெரியாதது குடியிருப்பவருக்குத் தெரியும். ராத்திரி இரண்டு மணிக்கு நெஞ்சுவலி என்றால் ஆஞ்சியோ செய்யும் ஆஸ்பத்திரி எத்தனை நிமிஷம், அது உங்கள் பாலிசியின் கேஷ்லெஸ் பட்டியலில் இருக்கிறதா, கரண்ட் எவ்வளவு நேரம் போகிறது, தண்ணீர் எந்த நாள் வருகிறது. இதெல்லாம் மனைவியும் கூடவே இருந்து பார்க்க வேண்டிய விஷயம். முப்பது வருஷமாக மாட்டுங்கா மார்க்கெட்டில் காய் வாங்கிப் பழகியவர், மாமியார் ஊரில் யாரையும் தெரியாமல் உட்கார வேண்டியிருக்கும். “அவளுக்கும் அதுதான் இஷ்டம்” என்று கேட்காமலே முடிவு கட்டுவது இந்த விஷயத்தில் வழக்கமான சறுக்கல்.

பகல் பொழுது

டோம்பிவிலியிலிருந்து சிஎஸ்எம்டி போய்வருபவருக்குப் பயணம் மட்டுமே தினம் மூன்று மணி நேரம் போகிறது. வேலையோடு சேர்த்தால் பன்னிரண்டு. அந்தப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒரு திட்டம் வேண்டும். ஓய்வுக்குப் பிறகு தொடங்கலாம் என்று வைத்திருப்பதை இப்போதே சனிக்கிழமைகளில் தொடங்குங்கள். மிருதங்கம், ஸ்லோகம், கணக்கு டியூஷன், சயானில் உள்ள பம்பாய்த் தமிழ்ச் சங்கம், சொசைட்டி கமிட்டி, எதுவாகவும் இருக்கலாம். ஆறு மாதத்தில் அலுத்துப்போனால் அதுவும் நல்லதே, வேறு தேட நேரம் இருக்கிறது. சொசைட்டி செயலாளர் பதவியை மட்டும் யோசித்து ஏற்றுக்கொள்ளுங்கள்; ஆபீஸை விட்டு வந்து லீக்கேஜ் புகாருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கும் நிலை வரும்.

ஆபீஸில் முன்கூட்டியே “நான் போகப்போகிறேன்” என்று சொல்லிவைக்க வேண்டாம். கடைசி இரண்டு இன்கிரிமெண்டும் அடிப்படைச் சம்பளத்தில் ஏறினால்தான் கிராஜுவிட்டியும் ஏறும்.

கடைசி ஆறு மாதம்

ஆதார், பேங்க், பிஎஃப், டீமேட் எல்லாவற்றிலும் பதிவான மொபைல் நம்பர் கம்பெனி கொடுத்த சிம்மா என்று முதலில் பாருங்கள். சிம்மைத் திருப்பிக் கொடுத்த அன்றே எல்லா ஓடிபியும் போய்விடும். ஆதாரில் நம்பர் மாற்றுவதை அதற்கு முன்பே முடித்துவிடுங்கள். ஆபீஸ் மெயில் ஐடியில் வரும் மியூச்சுவல் ஃபண்ட், இன்ஷூரன்ஸ் கடிதங்களையும் மாற்றுங்கள். சம்பளக் கணக்கு சாதாரணக் கணக்காக மாறினால் குறைந்தபட்ச இருப்பு எவ்வளவு என்று பேங்கில் கேளுங்கள். வருஷக் கட்டணம் இல்லாத ஒரு கிரெடிட் கார்டு வேண்டுமானால் சம்பளச் சீட்டு கையில் இருக்கும்போதே வாங்குங்கள்.

கிராஜுவிட்டியை நீங்களே போட்டுப் பாருங்கள்: கடைசி அடிப்படைச் சம்பளமும் டிஏவும் (அகவிலைப்படி; 2025 நவம்பரிலிருந்து, அலவன்ஸ்கள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால் அந்த அதிகப்படியும் சேரும்) × 15 ÷ 26 × சர்வீஸ் வருஷம். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட மிச்சம் ஒரு வருஷமாகும். அடிப்படை 60,000, சர்வீஸ் 22 வருஷம் 7 மாதம் என்றால் 23 வருஷம். தொகை ஏறக்குறைய 7,96,000. 20 லட்சம் வரை வரியில்லை. லீவ் என்கேஷ்மெண்டுக்கு தனியார் ஊழியருக்கு வரிவிலக்கு வரம்பு 25 லட்சம், ஆனால் கம்பெனி எத்தனை நாள் லீவைக் காசாக்கும் என்பது கம்பெனி விதி. அதற்கு மேல் சேர்த்து வைத்த நாட்களை ஊர்ச் சோதனைக்குச் செலவழியுங்கள்.

பணம் வந்ததும் சீனியர் சிட்டிசன் சேவிங்ஸ் ஸ்கீம். ஒருவருக்கு 30 லட்சம் வரை, ஐந்து வருஷம். 8.2 சதவீத வட்டியில் 30 லட்சத்துக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை 61,500. 60 ஆனவர் எப்போது வேண்டுமானாலும் போடலாம். 55-க்கு மேல் 60-க்கு முன் ஓய்வு பெற்றவர், ஓய்வுப் பணம் கைக்கு வந்த மூன்று மாதத்துக்குள் போட வேண்டும், அதுவும் அந்தப் பணத்தின் அளவுக்குத்தான். மனைவிக்கும் 60 ஆகியிருந்தால் அவர் பெயரில் தனியாக இன்னொரு 30 லட்சம். பிஎஃப்பை அவசரப்பட்டு எடுக்க வேண்டியதில்லை. ஓய்வுக்குப் பிறகு மூன்று வருஷம் வரை வட்டி வரும். வேலை விட்ட பிறகு வரும் அந்த வட்டிக்கு வரி உண்டு. முதல் ஐந்தாறு வருஷச் செலவுக்கான பணத்தை இப்படி நிலையான வட்டியில் வைத்துவிட்டால், ஓய்வு பெற்ற முதல் வருஷமே பங்குச் சந்தை விழுந்தாலும் மியூச்சுவல் ஃபண்டை நஷ்டத்தில் விற்க நேராது.

இபிஎஸ் பென்ஷன் கேட்க 10டி படிவம் கொடுக்க வேண்டும். 2025 ஜனவரியிலிருந்து எந்த பேங்க்கின் எந்தக் கிளையிலும் பென்ஷன் வாங்கலாம் என்பதால், பிறகு திருநெல்வேலிக்கோ கும்பகோணத்துக்கோ குடிபெயர்ந்தாலும் பென்ஷன் ஆர்டரை ஆபீஸ் மாற்றி அலைய வேண்டாம். வருஷத்துக்கு ஒருமுறை ஜீவன் பிரமாண் (உயிரோடு இருப்பதற்கான சான்று) மட்டும் மொபைலில் முகம் காட்டி முடித்துவிடுங்கள். அது தவறினால் பென்ஷன் நின்றுபோகும்.